யூலிற்றா ரீச்சருக்கும் எங்கள் கிழக்குச் சுவருக்கும்

எட்டாம் வாய்க்கால் மகா வித்தியாலயம், துணுக்காய்.
சித்திர பாட ஆசிரியை செல்வி யூலிற்றா மத்தேயு அவர்களின் சேவைநயப்பு விழாவில் வாசித்தளிக்கப்படும் மடல்.

வலையும் வள்ளமும் வாழ்வெனக் கொண்ட முல்லைக் கடலோரக் குடியிலே தோன்றி, வயலும் வாய்க்காலும் வாழ்வெனக் கொண்ட எங்களிடையே வந்து, வண்ணமும் வடிவமும் கொண்டு எங்களை வகையாக மாட்டிவைத்த வித்தகியே! கண்டதைக் கண்டபடி கீறுவதே கலையென்று கருதிக் களித்திருந்த கண்களுக்கு, காணாததையும் கீறலாம் என்று காட்டிக் கலங்கடித்த கலைச்செல்வியே! நீல மாட்டுக்கும் நிழலில்லா மரத்துக்கும் நீதி கேட்டு நின்ற நெஞ்சுரமே! முப்பத்து நான்கு ஆண்டுகள், மழை பொய்த்தபோதும் முகாம்களில் மூச்சடக்கிக் கிடந்தபோதும், முனை மழுங்காத தூரிகையோடு முன்னின்றவரே! வன்னி நாட்டுக்கு நவீன ஓவியத்தை முதன்முதல் கொண்டுவந்தவரே! இந்தக் கடைசி விளிக்கு எங்களிடம் அத்தாட்சி எதுவும் இல்லை. உங்களுக்கு முன் வேறெவராவது கொண்டுவந்திருந்தால் அவர்கள் அத்தாட்சியோடு வரட்டும்.

வணக்கம். விளிப்பு இத்துடன் முடிகிறது. விழாக் குழு பார்த்து ஒப்புதல் தந்த பிரதியில் இன்னும் பதினோரு விளிகள் இருந்தன. அவற்றுக்குக் கீழே நேரந்தவறாமை, இன்முகம், மாணவர்பால் தாயன்பு என்று மூன்று பந்திகள் இருந்தன. அந்தப் பிரதியை நான் வீட்டில் வைத்துவிட்டு வந்தேன். அதிபர் அவர்கள் இவ்விடத்தில் நிமிர்ந்து உட்காருவார் என்பது எழுதும்போதே தெரிகிறது. உட்காரட்டும்.

சபையில் என்னை அறியாதவர்களும் இருக்கலாம். நான் ராஜரத்தினம், இப்பாடசாலையின் தமிழாசிரியன். மீளக்குடியேறி இந்தப் பள்ளிக்கூடத்தைத் திரும்பத் திறந்த நாள் முதல், ஓய்வுபெற்றும் மாற்றலாகியும் போன பதினேழு பேருக்குப் பாராட்டு மடல் எழுதியவன் நான்தான். பதினேழு பேரும் நேரந்தவறாதவர்கள். அவர்களில் ஒருவர் முதலாம் பாடவேளையைக் கண்ணாலும் கண்டதில்லை. பெயரை மாற்றி, பாடத்தை மாற்றி, எதுகையைக் கொஞ்சம் திருத்திக் கொடுத்தால் அழகாகச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிடுவார்கள். இதுவரை எவரும் இரண்டாம் தடவை வாசித்ததாகத் தெரியவில்லை.

ஆனால் இம்முறை மடலை நான்தான் எழுத வேண்டும் என்று கேட்டது குழு அல்ல, ரீச்சர், நீங்கள். ஓய்வுபெறுகிற ஒருவர், தன் மடலை இன்னார் எழுத வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டதை நான் எங்கும் கேள்விப்பட்டதில்லை. ஏன் கேட்டார், எதற்குக் கேட்டார் என்று அன்றிரவு முழுதும் எனக்கு நித்திரை இல்லை.

சந்தேகப்படுவது என் குணம். எங்கள் ஊரின் குணமும் அதுதான். எங்கள் தகப்பன்மார் குடாநாட்டிலிருந்து வந்து, காடு வெட்டி, குளத்துத் தண்ணீரை நம்பிக் குடியேறியவர்கள். எங்கள் கையில் காணி உறுதி இல்லை. அரசாங்கம் தந்த பெர்மிற் மட்டும்தான். போர் முடிந்து திரும்பி வந்த காலத்தில் காட்டோரத்தில் கிழமைக்கு ஒரு எல்லைக்கல் புதிதாக முளைத்தது. எந்த அரசாங்கக் கந்தோர் நட்டது என்று கேட்டால் எந்தக் கந்தோருக்கும் தெரியாது. ஆகவே தாளும் பென்சிலும் வைத்துக்கொண்டு வயல்வெளியைப் பார்க்கிற எவரையும் நாங்கள் சும்மா விடுவதில்லை. தேத்தண்ணி கொடுத்து, பெயர் கேட்டு, எங்கே வேலை என்று விசாரித்துத்தான் அனுப்புவோம். அப்படிப்பட்ட ஊருக்கு, இரண்டாயிரத்துப் பதினோராம் ஆண்டு, கையில் ஒரு பெரிய கீறும் பலகையோடு நீங்கள் பஸ்ஸில் வந்து இறங்கினீர்கள்.

கொழும்பில் நான்கு வருடம் நவீன ஓவியம் படித்தவர், அங்கேயே இருந்து பெயர் எடுத்திருக்கக் கூடியவர், அந்தக் காலத்திலேயே வன்னிக்கு ஏன் திரும்பி வந்தார்? இது எங்கள் முதற் சந்தேகம். இதற்கு ஆசிரியர் அறையில் மூன்று கதைகள் உலாவின. ஒன்றுக்கொன்று முரணான அந்த மூன்றையும் நான் நம்பினேன். உங்கள் முதல் வகுப்பு அடுத்த சந்தேகத்தைத் தந்தது. கதிரை ஒன்றைத் தலைகீழாகக் கவிழ்த்து மேசையில் வைத்து, “கதிரையை விடுங்கோ பிள்ளையள். அதின்ர கால்களுக்கு நடுவில கிடக்கிற வெளியைக் கீறுங்கோ” என்றீர்கள். பக்கத்து வகுப்பில் இலக்கணம் படிப்பித்துக்கொண்டிருந்த நான் தடுப்புக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். முப்பத்திரண்டு பிள்ளைகள் ஒன்றுமில்லாத இடத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பயமாகவே இருந்தது.

அடுத்த வருடம் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் வெறும் நெற்களஞ்சியத்தில் உங்கள் ஓவியக் கண்காட்சி நடந்தது. இருபத்தேழு படங்கள். அதுவரை எங்களுக்குத் தெரிந்த படமெல்லாம் கலண்டரிலும் கோயில் மண்டபத்திலும் இருப்பவைதான். அவற்றில் முகம் முகமாக இருக்கும், மயில் மயிலாக இருக்கும். உங்கள் படங்களில் எது மேல் எது கீழ் என்று பார்க்கவே எங்களுக்கு அரை மணித்தியாலம் சென்றது. ‘மீன்’ என்று பெயர் எழுதிய ஒரு படம் இருந்தது. அதில் மீனைத் தேடாதவர் இல்லை. கடற்கரையிலிருந்து வந்திருந்த உங்கள் தகப்பனார் மத்தேயு ஐயாவும் அதற்கு முன்னால் நின்றார்.

“மீன் எங்க பிள்ளை?” என்று கேட்டார்.

“இப்பதான் போட்டுது அப்பா.”

அவர் இன்னொரு முறை குனிந்து பார்த்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, “ஓம். இது மீன் போன தண்ணிதான்” என்றார். ஐம்பது வருடம் களப்பில் வலை போட்டவர் சொன்னது எங்களுக்குச் சாட்சியாகப் படவில்லை. பெற்ற தகப்பன் வேறென்ன சொல்வார் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனோம்.

எங்களுக்குத்தான் இந்தப் புத்தி என்று எண்ண வேண்டாம். கொழும்பில் நடந்த மாணவர் ஓவியப் போட்டி ஒன்றுக்கு ஒன்பதாம் வகுப்புத் தேனுகா கீறிய படத்தை அனுப்பினீர்கள். நடுவர்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. துணுக்காயில் ஒரு சின்னப் பெண் இப்படிக் கீறுவாளா, ரீச்சர்தான் கீறிக் கொடுத்திருப்பா என்று சொல்லி, தேனுகாவைத் தனி அறையில் இருத்தி, இரண்டு மணித்தியாலம் கொடுத்து, கண்முன்னே கீறச் சொன்னார்கள். அவள் முதற் படத்தை விடப் பன்மடங்கு விளங்காத இன்னொன்றைக் கீறிக் கொடுத்தாள். முதற்பரிசு அவளுக்கு. வன்னியிலும் நவீன ஓவியம் உண்டு என்று பத்திரிகைகள் எழுதின. பார்க்கவும் ஆட்கள் வந்தார்கள். அன்று நாடு அறிந்த பெயர் உங்களுடையது. வாழ்த்துக் கூட்டத்தில் கைதட்டிக்கொண்டே, இவவுக்குக் கொழும்பில் ஆரோ பெரிய ஆள் இருக்கிறார்கள் என்று பக்கத்துக் கதிரைக்குச் சொன்னவன் நான்.

இனி அந்தச் சுவருக்கு வருகிறேன். இரண்டாயிரத்துப் பதினான்கு தை மாதம், ஒன்பது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு கிழமை பின்னேரங்களில் குளக்கட்டுக்குப் போனீர்கள். தண்ணீர் திறக்கும் துருசுக்கு மேலே அவர்களை நிறுத்தி, ஒரு கண்ணை மூடச் சொல்லி, வயல்வெளியைப் பார்க்க வைத்தீர்கள். பிள்ளைகள் விரலால் வரம்புகளை எண்ணினார்கள். கீழே வயலில் நின்ற எங்களுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று நீங்கள் யோசிக்கவில்லை, ரீச்சர். அது உங்கள் பிழை. இந்த மடலில் உங்கள்மேல் நான் சொல்லப்போகிற ஒரே குற்றம் அதுதான்.

பிறகு இந்தப் பிரதான மண்டபத்தின் கிழக்குச் சுவரில் வேலை தொடங்கியது. நாற்பது அடி நீளம். சதுரங்கள், சரிந்த சதுரங்கள், நடுவே ஓர் அரைவட்டம், குறுக்கும் நெடுக்கும் தடித்த கோடுகள். ஆளில்லை, மாடில்லை, மரமில்லை. மாசியில் முடிந்தது. திறப்பு விழாவுக்குப் பெற்றோர் வந்தார்கள். ஐந்து நிமிடம் சுவரின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடந்து நடந்து பார்த்தார்கள். பிறகு யாரோ, “இது எங்கட வயல்வெளியடாப்பா” என்றார். அவ்வளவுதான். அரைவட்டம் குளமாயிற்று, தடித்த கோடுகள் வாய்க்கால்களாயின, ஒவ்வொருவரும் தத்தம் சதுரத்தைத் தேடத் தொடங்கினார்கள்.

மறுநாள் காலை அப்புத்துரை பெர்மிற்றைப் பொலித்தீன் பையில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். இன்று நமது அபிவிருத்திச் சங்கச் செயலாளராக மேடையில் இருக்கும் அதே அப்புத்துரைதான்.

“ரீச்சர், என்ர வயலை ஏன் கறுப்பாக்கினனீங்கள்? நான் ஒழுங்கா விதைச்சுக்கொண்டுதானே இருக்கிறன்?”

“ஐயா, இது உங்கட வயலெண்டு ஆர் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்ல. நானாத்தான் கண்டுபிடிச்சனான்.”

“அப்ப சரி. கீறினது பிள்ளையள், கண்டுபிடிச்சது நீங்கள். இனி அது ரெண்டு பேருக்கும் சொந்தம்.”

நீங்கள் ஓவியத்தைப் பற்றிச் சொன்னீர்கள். அப்புத்துரை ‘சொந்தம்’ என்ற சொல்லைக் கேட்டதும் பொலித்தீன் பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அன்று பின்னேரமே எட்டாம் வாய்க்கால் முழுதும் கதை பரவிவிட்டது: சித்திர ரீச்சர் வயலில் பங்கு கேட்கிறா, கறுப்புப் பூசினது பறிக்கப்போற காணி, பச்சை விடப்போற காணி, படத்தைப் பிரதி எடுத்து எங்கேயோ அனுப்பியாயிற்று. இதைச் சிரித்துக்கொண்டு எழுத இன்று முடிகிறது. அன்று ஊரில் இரண்டு வீடுகளில் உலை வைக்கவில்லை.

என் வயல் எட்டாம் வாய்க்காலின் கடைசி வயல். அதற்கு அப்பால் காடு. காட்டோரத்து எல்லைக்கல் என் வரம்பிலிருந்து பதினாறு கவட்டுத் தூரம்; நானே நடந்து அளந்தது. சுவரில் அந்த இடத்தை நானும் தேடினேன். கறுப்பும் இல்லை, பச்சையும் இல்லை. முழுச் சுவரிலும் ஒரேயொரு சிவப்புச் சதுரம், அது அங்கே இருந்தது.

உங்களிடம் வந்து, அது என்ன சிவப்பு என்று கேட்டிருக்கலாம். சித்திர அறைக்கும் என் வகுப்புக்கும் இடையில் ஒரு தடுப்புத்தான். நான் கேட்கவில்லை. கேட்டால் உண்மையைச் சொல்லமாட்டா என்று நானே முடிவுகட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய், கல்விக் கந்தோருக்கு மூன்று பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினேன். கீழே பெயர் போடவில்லை.

இதுவரை ‘நாங்கள்’ என்று சொல்லிக்கொண்டு எத்தனையோ பேருக்குப் பின்னால் ஒளிந்து வந்தேன். அந்த மொட்டைக் கடிதத்தை எழுதியவன் நான். அனுப்பும் முன் ஆசிரியர் அறையில் மூன்று பேருக்கு வாசித்தும் காட்டினேன். வேண்டாம் என்று அவர்களில் ஒருவரும் சொல்லவில்லை. “வடிவாயிருக்கு சேர், மோனை நல்லா விழுந்திருக்கு” என்றார்கள். அவர்களும் இந்தச் சபையில் இருக்கிறார்கள். இப்போது கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

விசாரணைக்கு வந்த அதிகாரி நல்ல மனிதர். எல்லா ஆசிரியரையும் கூட்டிவைத்து, கடிதத்தை உரத்து வாசித்தார். அதில் ஒரு வசனத்தை நான் இன்றும் மறக்கவில்லை. ‘வண்ணம் என்னும் வஞ்சக வலையை விரித்து, வறியோர் வயல்நிலங்களை வரைபடமாக்கி, வருவோர் போவோர்க்கெல்லாம் வழிகாட்டும் இவ்வம்மையாரின் வரலாறு விசாரிக்கத்தக்கது.’ வாசித்துவிட்டுக் கொஞ்சம் ரசித்தவர் போல நிறுத்தினார். அந்த அறையில் இருந்தவர்கள் விழாவுக்கு விழா என் மடல்களைக் கேட்டுப் பழகியவர்கள். இந்த வகரத்தை அடையாளம் காணாதவர் அங்கே ஒருவரும் இருந்திருக்க முடியாது. நீங்கள் மட்டும் என் பக்கம் திரும்பவில்லை. அதனால் உங்களுக்குத் தெரியாது என்று நினைத்து நிம்மதியடைந்தேன்.

அவர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, எந்த நிறம் எதைக் குறிக்கிறது என்று விளக்கம் எழுதி ஓவியத்தின் கீழே ஒட்ட வேண்டும். அல்லது, முறைப்பாடு செய்தவர் வந்து அதை மீளப்பெறும்வரை சுவரை மூடிவைக்க வேண்டும். உங்களிடம் தாளை நீட்டினார்கள். “எழுதிச் சொல்லக்கூடிய விசயமெண்டால் நான் ஏன் ஐயா கீறப்போறன்?” என்று சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுத்தீர்கள். பழைய மேடைத் திரையை நீங்களே தைத்து, நீங்களே கட்டி, சுவரை மூடினீர்கள். பதினொரு வருடமாக அந்த முறைப்பாடு கந்தோர்க் கோவையில் கிடக்கிறது. பெயரில்லாத ஆள் வந்து மீளப்பெறுவது எப்படி?

மூடிய பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். இரண்டு வருடத்தில் அந்தத் திரையின் விளிம்பு கைபட்டுக் கைபட்டு அழுக்கேறிவிட்டது. யார் தூக்கிப் பார்க்கிறார்கள் என்று கண்டுபிடிக்க நான் மறைந்து நின்றேன். பிள்ளைகள் பார்த்தார்கள். பரீட்சைக் கடமைக்கு வந்த வெளி ஆசிரியர்கள் பார்த்தார்கள். அப்புத்துரை பார்த்தார், கண்டுவிட்டேன் என்று தெரிந்ததும், “சும்மா, வயல் கிடக்கோ எண்டு பார்த்தனான்” என்றார். திறந்து கிடந்த இரண்டு கிழமையில் பார்த்தவர்களை விட மூடிய பிறகு பார்த்தவர்கள் கூட. நானும் ஒன்பது தடவை பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அந்தச் சிவப்பிடம்தான் போய் நின்றேன்.

இப்போது உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். வருகிற திங்கட்கிழமை மண்டபத்துக்கு வெள்ளையடிக்கிறார்கள். கிழக்குச் சுவருக்கும் சேர்த்துத்தான். முறைப்பாடு தீராமல் கிடப்பதால் படத்தைத் திறந்து விடவும் ஏலாது, திரையை வைத்துக்கொண்டு பெயின்ற் அடிக்கவும் ஏலாது என்று அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் முடிவெடுத்தோம். “ரீச்சர் இருக்கேக்க அடிச்சால் மனம் நோகும். அவா போகட்டும்” என்றார் அப்புத்துரை. எல்லோரும் கை உயர்த்தினோம். உங்களுக்கு மாலை போட்டு, மடல் வாசித்து, வாகனத்தில் ஏற்றி அனுப்பிவிட்டு, மூன்றாம் நாள் அழிப்பதாகத் திட்டம். கை உயர்த்தியவர்களில் நானும் ஒருவன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

அந்தக் கூட்டம் முடிந்த மறுநாள், பிறந்த திகதி, முதல் நியமனம் முதலான விபரங்களைக் குறித்துக்கொள்ளச் சித்திர அறைக்கு வந்தேன். நீங்கள் தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தீர்கள்.

“ஏன் ரீச்சர் என்னை எழுதச் சொன்னனீங்கள்?” என்று கேட்டேன்.

“உங்கட தமிழ் எனக்குப் பழக்கம் சேர். முந்தியும் ஒருக்கா என்னைப் பற்றி எழுதினனீங்கள்தானே.”

நீங்கள் தண்ணீரை மாற்றினீர்கள்.

“அண்டைக்கு அந்த அதிகாரி வாசிக்கேக்க நான் உங்களைப் பார்க்கேல்ல. பார்த்தால் சிரிச்சுப்போடுவன். இவ்வளவு வடிவாய்த் திட்டு வாங்கின ஆள் இந்தக் கல்வி வலயத்தில நான் ஒருத்திதான்.”

“கோபம் வரேல்லையோ?”

“வராமல்? ரெண்டு வருசம் உங்களோட நான் கதைக்கேல்ல. நீங்கள் அதைக் கவனிக்கேல்லப் போல.”

கவனித்தேன், ரீச்சர். எதையோ மறைக்கிறா என்று அதையும் சந்தேகக் கணக்கில்தான் சேர்த்தேன்.

“எனக்கெண்டால் காரியமில்லை” என்றீர்கள். “பிள்ளையள் ஒன்பது பேர் லீவு நாளிலயும் வந்து பூசின சுவர். அதுகள் கலியாணம் கட்டி, பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வந்து, இது நான் கீறினது எண்டு காட்ட ஏலாமல் திரும்பிப் போகுதுகள். அதுதான் எனக்குப் பொறுக்கேலாமல் கிடக்கு. முறைப்பாடு போட்ட ஆள் வந்து எடுத்தால் திரை போகும். ஆனால் போட்ட ஆளுக்குப் பேர் இல்லையே, சேர்.”

எழும்பும்போது, அந்தச் சிவப்பு என்னது என்று கடைசியாகக் கேட்டேன். “அதைப் பூசினவளிட்டக் கேளுங்கோ” என்றீர்கள். பூசியவள் தேனுகா. பல்கலைக்கழகத்தில் ஓவியம் படித்து, கொழும்பில் தன் படங்களைக் காட்சிக்கு வைக்கிற தேனுகா இன்று முன்வரிசையில் இருக்கிறார். அன்று பின்னேரமே தொலைபேசியில் அவரைப் பிடித்தேன்.

“சேர், அதில பச்சைதான் பூச வெளிக்கிட்டனான். பச்சை முடிஞ்சுபோச்சு” என்றார். “ரீச்சரிட்டச் சொன்னன். கிடக்கிறதில எது அதில நிக்குமெண்டு நீயே பார் எண்டவா. அரைநாள் அப்பிடியே நிண்டு பார்த்தன். சிவப்புத்தான் நிண்டது.”

ஒரு பிள்ளை அரைநாள் நின்று பார்த்து எடுத்த முடிவு அது. நான் அரை நிமிடம் பார்த்துவிட்டு மூன்று பக்கம் எழுதினேன். தொலைபேசியை வைத்த பிறகு வெகுநேரம் விறாந்தையிலேயே இருந்தேன். என் மனைவி வந்து, உடம்புக்கு ஏலாதோ என்று கேட்டா. ஓம் என்றேன்.

கடந்த புதன்கிழமை கல்விக் கந்தோருக்குப் போனேன். பழைய முறைப்பாட்டை மீளப்பெற வேண்டும் என்றேன். அங்கே மேசையில் வேலைசெய்த பிள்ளை கோவையை எடுத்துப் பார்த்தது.

“இது மொட்டைக் கடிதமெல்லோ சேர். இதை எழுதின ஆள்தான் எடுக்கலாம்.”

“எழுதினது நான்தான் தங்கச்சி.”

அந்தப் பிள்ளை கடிதத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு ஒரு தாளை எடுத்து, “பேரைச் சொல்லுங்கோ” என்றது. சொன்னேன். முத்திரை குத்திய பிரதி என் சட்டைப்பையில் இருக்கிறது. அடுத்த விசாரணை என்னைப் பற்றியதாக இருக்கலாம். ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிற எனக்கு அது பயமில்லை என்று சொன்னால் பொய். இனி எனக்கு ஒரு மடல் எழுத இங்கே யாரும் முன்வருவார்களோ என்பதும் சந்தேகம்தான்.

ரீச்சர், நான் திருந்திவிட்டேன் என்று நீங்கள் எண்ண வேண்டாம். அந்த ஓவியம் எனக்கு இன்னும் விளங்கவில்லை. அந்த அரைவட்டம் குளம்தான் என்று என்னால் சத்தியம் செய்ய ஏலாது. கோபத்தை ஆறவிட்டு, பதினொரு வருடம் பொறுத்திருந்து, என் கையாலேயே என்னைப் பிடித்துக் கொடுக்க வைத்தீர்கள் என்று பலமாகச் சந்தேகிக்கிறேன். அதைத்தான் செய்தீர்கள் என்றால், அதற்காகவும் உங்களுக்கு நன்றி சொல்கிறேன்.

இனி வாழ்த்து. கடற்கரைக்குத் திரும்பிப் போய் ஓய்வாக இருக்கப்போவதாகச் சொல்கிறீர்கள். இதையும் நாங்கள் நம்பவில்லை. நீங்கள் ஒரு மாதத்துக்குள் அங்குள்ள பிள்ளைகளைப் பிடித்து, மீன்வாடிச் சுவர்களில் எதையாவது பூச வைப்பீர்கள். அங்குள்ளவர்களும் வந்து, இது என்ர கடலோ, உன்ர கடலோ என்று சண்டை பிடிப்பார்கள். அந்தச் சண்டைகளையெல்லாம் கேட்டுச் சிரிக்க உங்களுக்குக் காது கூர்மையாக இருக்கட்டும். கண்ணில் வெள்ளை விழாதிருக்கட்டும். கை நடுங்காதிருக்கட்டும். அன்னை மரியாளும் எங்கள் குளக்கட்டுப் பிள்ளையாரும், தங்களுக்குள் சந்தேகப்படாமல், சேர்ந்து நின்று உங்களைக் காக்கட்டும். உங்களுக்கு இந்த ஊர் செய்த பிழையைப் பொறுத்தருளும்படி மனமாரக் கேட்கிறேன்.

சபையோருக்கு ஒரு வார்த்தை. இந்த மடலை ரீச்சரின் கையில் கொடுத்ததும் நான் மேடையை விட்டு இறங்கி, கிழக்குப் பக்கம் போய், அந்தத் திரையை அவிழ்க்கப்போகிறேன். தடுக்க விரும்புபவர்கள் தாராளமாகத் தடுக்கலாம். எழும்பி நின்று, தன் பெயரைச் சொல்லிவிட்டுத் தடுக்க வேண்டும்.

இங்ஙனம்,

சின்னத்தம்பி ராஜரத்தினம்,
தமிழாசிரியர்.

(ஏனைய ஆசிரியர்கள் கையொப்பமிடக் கீழே இடம் விடப்பட்டுள்ளது.)